பதினேழாம் தட்டு

அதிமதுரம் வயிற்றுப்புண்ணுக்கு நல்லது என்பது எல்லாரும் சொல்வதுதான். அதை எலிகளில் சோதிக்கும் வேலை வந்தபோது, முடிவு தெரிந்த ஆட்டத்தைப் பார்க்கப் போவதுபோலத்தான் போனேன்.

எலிகளை 24 மணி நேரம் பட்டினி போட வேண்டும், தண்ணீர் உண்டு. பிறகு ஒரு குழுவுக்கு வேர்ச்சாறு, ஒரு குழுவுக்கு அமிலத்தைக் குறைக்கும் மருந்தான ஒமிப்ரசோல், ஒரு குழுவுக்கு மருந்தே கலக்காத வெறும் கரைப்பான். ஒரு மணி நேரம் கழித்து எல்லாவற்றுக்கும் வாய்வழியே 1 மில்லி ஆல்கஹால். அடுத்த ஒரு மணி நேரத்தில் புண் விழுந்துவிடும். மனிதருக்குப் புண் வருவது பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியாலும் வலி மாத்திரைகளாலும்தான். ஒரே மடக்கில் சுத்த ஆல்கஹால் குடித்து அல்ல. அந்த உறுத்தல் எனக்கு இன்னும் உண்டு.

முதல் தொகுதி சொதப்பல். திறந்து பார்த்தால் சில இரைப்பைகள் நிறைந்திருந்தன. பசித்த எலி கூண்டில் பரப்பிய மரத்தூளையும் தன் புழுக்கையையும் தின்னும். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்புறம்தான் அடியில் கம்பி வலை போட்ட கூண்டுக்கு மாறினோம்.

இரண்டாம் தொகுதியில் இரைப்பையைப் பெரிய வளைவோரமாகக் கத்தரித்து, சாலைன் உப்புநீரில் அலசி, மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி விரித்தேன். எலியின் இரைப்பை ஒரு பக்கம் வெளிறி, சுரப்பியில்லாமல் இருக்கும், மறுபக்கம் இளஞ்சிவப்பு, நடுவே ஒரு மடிப்பு. அந்தச் சிவப்புப் பக்கத்தில்தான் கருஞ்சிவப்புக் கீற்றுகள் வரிவரியாக விழுகின்றன. நீளங்களை அளந்து கூட்டினேன். அதிமதுரக் குழுவில் பாதிக்கும் குறைவு! அன்று இரவே வரைபடம் போட்டுவிட்டேன்.

வழிகாட்டி அதைப் பார்க்கவே இல்லை. “எது எந்தக் குழுன்னு தெரிஞ்சேதான் அளந்தியா?” என்றார்.

தெரிந்துதான். சரி என்று, தட்டுகளின் படங்களுக்குக் குழுப் பெயரை மறைத்து எண் போடச் சொல்லி நண்பரிடம் கொடுத்துவிட்டு மறுபடி அளந்தேன். அதிமதுரம் அப்போதும் முன்னால்தான் இருந்தது, ஆனால் வித்தியாசம் வெகுவாகச் சுருங்கியிருந்தது. பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். புள்ளியளவு சிவப்பு, கரைப்பான் குழுவில் என்றால் ‘புண்’. அதிமதுரக் குழுவில் என்றால் ‘அலசும்போது பட்ட கீறல்’. இரண்டும் என் கையெழுத்துதான்.

அடுத்த கேள்வியையும் அவரே கேட்டார். சாறு பசைபோலச் சுவரில் படிந்து தடுத்ததா, உடம்புக்குள் போய் வேலை செய்ததா? அதிமதுரத்தில் உள்ள ஒரு பொருளிலிருந்து செய்த கார்பினாக்சலோன் 1960களில் வயிற்றுப்புண்ணுக்கு மருந்தாகவே கொடுக்கப்பட்டது. ஆனால் பக்கவிளைவாக உடலில் உப்பும் நீரும் தேங்கி, ரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் இறங்கியது. உள்ளே போய் வேலை செய்யும் பொருள் என்றால் அதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

ஆகவே மூன்றாம் தொகுதியில் சாற்றை வாய்வழி கொடுக்காமல், இரைப்பைக்கு வெளியே வயிற்றறைக்குள் ஊசியாகப் போட்டோம். தட்டுகளில் எண் மட்டும். பதினேழாம் தட்டில் கீற்று மிகக் குறைவு. இது நம்முடையதாக இருக்க வேண்டுமே என்று மனம் அடித்துக்கொண்டது. நீளத்தை எழுதிவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

சாயங்காலம் எண்களைப் பிரித்துப் பார்த்தோம். அது ஒமிப்ரசோல்.