ஈரம் குடித்த வெல்டிங் குச்சி

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் வெல்டிங் வேலையில் பாதிக் கோளாறு மெஷினால் வருவதில்லை, குச்சியால் வருகிறது. நல்ல குச்சியாக வாங்கிப் பெட்டியை உடைத்து, மிச்சத்தைப் பட்டறை மூலையில் போட்டுவிட்டுப் பத்து நாள் கழித்து எடுத்தால் அது பழைய குச்சி இல்லை. குச்சியின் கம்பியைச் சுற்றியுள்ள பூச்சு ஈரத்தைக் குடித்திருக்கும். தென்மேல் பருவமழை அடிக்கும்போது வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் பத்து நாள்கூடத் தேவையில்லை.

பார்த்தே பிடித்துவிடலாம். ஹோல்டர் கவ்வும் நுனியில் துரு இருக்கும், பூச்சின் மேல் வெள்ளைத் தூள் பூத்திருக்கும். நாலைந்தைச் சேர்த்துக் குலுக்கினால் காய்ந்த குச்சி கணீரென்று கேட்கும், ஈரக் குச்சி மொத்தென்று கேட்கும். பற்றவைத்தால் பொறி கண்டபடி தெறிக்கும். ஒட்டின் மேல் படியும் கசடைத் தட்டிப் பார்த்தால் ஒட்டில் ஊசி குத்தியது போலப் பொத்தல்கள்.

கேட், ஜன்னல் கம்பி, லயத்துக் கூரை ஆங்கிள் எல்லாவற்றுக்கும் 6013 என்று எண் போட்ட குச்சி போதும். முதல் இரண்டு இலக்கம் சதுர அங்குலத்துக்கு 60,000 இறாத்தல் இழுவையைத் தாங்கும் என்பதைச் சொல்கிறது. 2.5 மி.மீ. குச்சிக்கு 60 முதல் 90 அம்பியர், 3.2 மி.மீ.க்கு 90 முதல் 130. ஈரமானால் 100 முதல் 120 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் காயவைத்தால் சரியாகிவிடும். அதற்கு மேல் வறுக்கக் கூடாது. இந்தப் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் இருந்தே ஆக வேண்டும். முழுக்கக் காய்ந்தால் ஆர்க், அதாவது குச்சி நுனிக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்சுடர், நிலையாக நிற்காது.

7018 என்ற குச்சியின் கதையே வேறு. கொழுந்து ஏற்றும் டிரெக்டரின் டிரெய்லர் கொக்கி, ஸ்டோரில் மெஷின் நிற்கும் சட்டம் மாதிரிப் பாரம் தாங்கும் இடத்துக்கு அதைத்தான் எடுக்க வேண்டும். பூச்சில் ஈரம் இருந்தால் ஆர்க்கின் சூட்டில் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் உருகிய இரும்புக்குள் போய்விடும். ஒட்டு ஆறும்போது அது பக்கத்தில் இறுகிப்போன இரும்பில் சேர்ந்து விரிசல் போடும். பொல்லாத விஷயம் என்னவென்றால், விரிசல் உடனே வராது. சில மணி நேரம், சில வேளை ஓரிரு நாள் கழித்துத்தான் வரும். அதற்குள் டிரெய்லர் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் போய்க்கொண்டிருக்கும். ஆகவே கொக்கியை ஒட்டிய அன்றே பார்த்துவிட்டு விடாமல், இரண்டு நாள் கழித்தும் கசடு இல்லாமல் துடைத்துப் பார்க்க வேண்டும்.

7018 ஈரமானால் 300 முதல் 350 பாகையில் ஒன்றிரண்டு மணி நேரம் வேக வேண்டும். கேக் போடும் அடுப்பு அந்தச் சூட்டுக்குப் போகாது. விறகடுப்பு மேல் தகரத்தில் பரப்பினால் பூச்சு வெடிக்கும். முறையான சூளை இல்லாதவர் பெரிய பெட்டி வாங்க வேண்டாம், அன்றைக்குத் தேவையானதை மட்டும் உடைக்கட்டும். வெளியே எடுத்த குச்சி காற்றில் இருக்க அமெரிக்க வெல்டிங் தரமான டி1.1 பொதுவாகக் கொடுப்பது 4 மணி நேரம்தான்.

இன்னொன்று. சின்ன டிரான்ஸ்போமர் மெஷின்களில் 7018 பற்றாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் குச்சியைத் திட்டிப் பயனில்லை. அந்தக் குச்சிக்கு, மெஷின் ஒட்டாமல் சும்மா நிற்கும்போது 70 வோல்ட் அளவில் வேண்டும், இந்த மெஷின்களில் பல 50க்குள் நின்றுவிடும். தோட்டத்து நீள வயரில் கரண்ட் இறங்கினால் இன்னும் மோசம். டீசி கரண்ட் கொடுக்கும் இன்வேட்டர் மெஷினில் ஹோல்டரைப் பிளஸ்ஸில் போட்டால் சுகமாக ஓடும்.

வைக்கும் இடத்துக்குச் செலவே இல்லை. மூடியுள்ள தகரப் பெட்டி, உள்ளே பழைய குண்டு பல்ப் ஒன்று, சுவரைத் தொடாமல் நிலத்துக்கு மேலே பலகையில். உள்ளே வெளியைவிடப் பத்துப் பாகை சூடு இருந்தாலே காற்றின் ஈரப்பதம் ஏறக்குறையப் பாதியாகும். பல்ப் குச்சியை ஈரமாகாமல் காக்கும், ஈரமான குச்சியைக் காயவைக்காது.

மழை ஈரம் இரும்பிலும் இருக்கும். ஒட்டும் இடத்தைக் காஸ் சுவாலையால் தடவி, தண்ணீர் வியர்த்து மறையும்வரை சூடாக்கிய பிறகு பற்றவையுங்கள். காலுக்கு அடியில் காய்ந்த பலகை, கையில் காய்ந்த கையுறை. நனைந்த கையுறையோடு குச்சி மாற்றினால் அந்த 70 வோல்ட்டே ஆளைக் கொல்லப் போதும்.