அக்டோபர் வகுப்பும் ஒரு தாயின் கோபமும்

"நீங்க சொல்லிக் குடுக்காம இருந்திருந்தா எம்பொண்ணு நிம்மதியா இருந்திருப்பா மேடம்" என்று அந்த அம்மா சொன்னார். அறுவை சிகிச்சை ஓ.பி. வாசலில், ஸ்கேன் உறையைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி, குரலைச் சற்றும் உயர்த்தாமல்தான் சொன்னார். "முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டது நல்லதுதானேம்மா" என்று நான் உடனே பதில் சொன்னேன். ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பதிலில் தவறு எதுவும் இல்லை. என் இடத்தில் இருந்த எந்தச் செவிலிய ஆசிரியையும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அது அவ்வளவு விரைவாக என் வாயிலிருந்து வந்ததும், வகுப்பின் கடைசி ஸ்லைடை வாசிக்கிற அதே குரலில் வந்ததும் என்னை இன்னும் விட்டபாடில்லை.

நான் நடத்தியது மார்பகச் சுயபரிசோதனை வகுப்பு. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வோர் அக்டோபரிலும் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கான இளஞ்சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு, ரப்பர் மார்பக மாதிரியைப் பையில் போட்டுக்கொண்டு, கலைக் கல்லூரிகளுக்குப் போகிறோம். ஆண் பேராசிரியர்கள் வரவேற்புரை முடிந்ததும் தாமாகவே எழுந்து வெளியேறிவிடுவார்கள். புரொஜெக்டரை இயக்க வேண்டிய உதவியாளர் மட்டும் பாவம், நாற்பது நிமிடமும் சுவரைப் பார்த்தபடி நின்றிருப்பார். முதலில் சிரிப்புச் சத்தம் எழும், பிறகு அடங்கும். மாதவிலக்கு தொடங்கிய ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள், மாதம் ஒரு முறை, முதலில் கண்ணாடி முன் நின்று பார்க்க வேண்டும் என்றும், பிறகு மல்லாந்து படுத்து, தோளுக்கு அடியில் தலையணை வைத்து, நடு மூன்று விரல்களின் நுனியால் அல்லாமல் சதைப்பகுதியால் சிறு வட்டங்களாக அழுத்தி, அக்குள் வரை தடவிப் பார்க்க வேண்டும் என்றும் நான் செய்து காட்டுவேன். இறுதியில் செய்முறை அட்டையைக் கொடுத்து, பெயர் எழுதாத துண்டுச் சீட்டுகளில் கேள்விகளை வாங்குவோம். பிராவுடன் தூங்கினால் புற்றுநோய் வருமா, ஒரு பக்கம் சிறிதாக இருப்பது நோயா, பீரியட்ஸுக்கு முன்னால் ஏன் வலிக்கிறது என்று வழக்கமான கேள்விகளே வரும். அந்த ஆண்டு ஒரு சீட்டில் "கட்டி இருந்தா வீட்ல எப்படி மேடம் சொல்றது?" என்று இருந்தது. "அம்மாவிடம் சொல்லுங்கள், அம்மாவைவிட நெருக்கமானவர் யார்?" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தேன். மதிய உணவு மணி அடித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சீட்டை எழுதியவள் இந்தப் பெண்தானா என்பது எனக்குத் தெரியாது. இவள் இரண்டாம் ஆண்டு வணிகவியல் மாணவி, பத்தொன்பது வயது. மாதம் ஒரு முறை என்று அட்டையில் எழுதியிருந்ததைப் பொருட்படுத்தாமல் வகுப்பு நடந்த அன்று இரவே பார்த்திருக்கிறாள், மறுநாளும் பார்த்திருக்கிறாள், இடப் பக்கத்தில் கோலிக்குண்டு போல விரலுக்குள் நழுவி ஓடும் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. நான் சொன்னபடியே அம்மாவிடம் சொன்னாள். அம்மா அத்தையிடம் சொன்னார். அத்தை யாரிடமெல்லாம் சொன்னார் என்பது அந்த அம்மாவின் மனக்குறைகளில் முதன்மையானது. ஸ்கேன், பிறகு ஊசி வைத்து எடுக்கும் பரிசோதனை, அதன் முடிவு என்று ஒன்பது நாட்கள் ஓடின. அந்த ஒன்பது நாட்களும் மகள் சரியாகச் சாப்பிடவில்லை, உள்மதிப்பீட்டுத் தேர்வு ஒன்றை எழுதவில்லை, இரவில் விளக்கை அணைக்க விடவில்லை என்று அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். முடிவு, நாங்கள் எதிர்பார்த்ததுதான்: ஃபைப்ரோஅடினோமா, ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர். இந்த வயதுப் பெண்களுக்கு மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை இதுவே. புற்றுநோய் அல்ல, சில நேரம் தானாகவே சுருங்கியும் போகும், ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்று அறுவை மருத்துவர் பொறுமையாகவே விளக்கினார்.

"ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டார். ஊருக்கு யார் சொல்றது? நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றவங்க மார்ல கட்டி இருந்த பொண்ணாமேன்னுதானே கேப்பாங்க?" என்றார் அந்த அம்மா. கட்டியை எடுத்துவிடச் சொன்னால் தழும்பு இருக்கும். விட்டுவைத்தால் கட்டி இருக்கும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் அவருக்கு நட்டம்தான். அப்போதுதான் நான் மேலே சொன்ன அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

எதை முன்கூட்டியே தெரிந்துகொண்டோம்? அந்தக் கட்டியைப் பத்து ஆண்டுகள் அறியாமல் இருந்திருந்தாலும் அவளுக்கு ஒன்றும் நேர்ந்திருக்காது. முன்கூட்டியே அறிவது நல்லது என்பது ஆபத்தானதை அறிவதற்குத்தான் பொருந்தும். இது எனக்குத் தெரியாததல்ல. தெரியாமல் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதவே வேண்டியிருக்காது.

என் முதுநிலைப் பட்டத்துக்கான ஆய்வேடே இதைப் பற்றியதுதான். செவிலியத் துறையினருக்குத் தலைப்பைச் சொன்னாலே புன்னகை வரும்: கல்லூரி மாணவியரிடையே மார்பகச் சுயபரிசோதனை குறித்த அறிவில் கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டத்தின் விளைவு. கற்பிப்பதற்கு முன்னால் ஒரு வினாத்தாள், ஒரு வாரம் கழித்து அதே வினாத்தாள். மதிப்பெண் கூடியிருக்கும், கூடாமல் எங்கே போகும்? அந்த ஆய்வேட்டின் முன்னாய்வுகள் பகுதிக்காகப் படித்தபோதுதான் ஷாங்காய் ஆய்வைச் சந்தித்தேன். 1989இல் தொடங்கி, அந்நகரின் நெசவாலைகளில் வேலை செய்த 2,66,064 பெண்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் சுயபரிசோதனையைக் கற்றுக்கொடுத்தார்கள். எங்களைப் போல நாற்பது நிமிடத்தில் அல்ல. ஒருமுறை கற்றுக்கொடுத்து, மீண்டும் மீண்டும் நினைவூட்டி, ஐந்து ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பயிற்றுநர் முன்னிலையில் செய்துபார்க்கவும் வைத்தார்கள். 2002இல் முடிவு வெளியானபோது, கற்ற பிரிவில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 135 பேர், கற்காத பிரிவில் 131 பேர். வேறுபாடு எதுவும் இல்லை. கற்றவர்களிடம் கூடியது ஒன்றே ஒன்று: புற்றுநோய் அல்லாத கட்டிகளைக் கண்டுபிடித்து, அவற்றுக்காகத் திசுப் பரிசோதனைக்குப் போவது. அதிலும் அந்தப் பெண்கள் முப்பதைக் கடந்தவர்கள். பத்தொன்பது வயதினர் அந்தக் கணக்கிலேயே இல்லை. 2009இல் அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு சுயபரிசோதனையைக் கற்பிக்க வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. இதையெல்லாம் படித்துவிட்டு, என் ஆய்வேட்டில் ஷாங்காயை ஒரு பத்திக்குள் அடக்கி, "இருப்பினும் வளரும் நாடுகளில்" என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தால் மூடிவிட்டேன். வழிகாட்டிப் பேராசிரியர் அந்த வாக்கியத்தின் கீழ்ப் பச்சை மையில் கோடிட்டு "நன்று" என்று எழுதியிருந்தார்.

அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றிய நாட்களில் ஒரு பெண்ணின் புண்ணுக்குக் கட்டு மாற்றியிருக்கிறேன். கட்டி தோலை உடைத்து வெளியே வந்திருந்தது. இரண்டு ஆண்டுகளாக மஞ்சள் பற்றுப் போட்டு, வாடை தெரியாமலிருக்கத் தலையில் பூ வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்தார். "வலிக்கலையேம்மா, வலிச்சாத்தானே வியாதி" என்று என்னிடமே விளக்கினார். இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 1,92,020 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்ததாகவும், 98,337 பேர் அதனால் இறந்ததாகவும் உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. நம் பெண்கள் அத்தனை பேருக்கும் மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுக்கும் வசதி நம்மிடம் இல்லை. தன் உடம்பைத் தான் தொட்டுப் பார்ப்பது வெட்கக்கேடு அல்ல என்று ஒரு பெண்ணுக்கு எப்போதாவது யாராவது சொல்லியாக வேண்டும். அதைப் பத்தொன்பது வயதில் சொன்னால் நாற்பத்தைந்தில் நினைவிருக்காதா? இப்படித்தான் என்னை நான் தேற்றிக்கொள்கிறேன். வாரத்தில் நான்கு நாட்களாவது இந்த வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது.

மற்ற நாட்களில் வேறொன்று தோன்றுகிறது. நாங்கள் கல்லூரிக்குப் போவது அங்கே நோய் இருப்பதால் அல்ல, அங்கே அரங்கம் இருப்பதால். நூற்றைம்பது பேர் சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள், படம் எடுத்துக்கொள்ளலாம், ஆண்டறிக்கையில் பயனாளிகள் நூற்றைம்பது என்று எழுதலாம். முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செவிலியர் மார்பகப் பரிசோதனை செய்யும் ஏற்பாடு நம் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே பெண்களை அழைத்துவருவதுதான் கடினம். சமையல், வேலை, நூறு நாள் திட்டம், மாமியார் என்று அவர்களுக்கு ஆயிரம் தடைகள். இத்தனைக்கும் சான்று இருப்பது அவர்களுக்குத்தான். மும்பை டாடா நினைவு மருத்துவமனையினர் 1998இல் தொடங்கி, 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்களிடையே நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஒரு பிரிவினரின் மார்பகங்களைத் தம் கையால் பரிசோதித்தார்கள். கருவி எதுவும் இல்லை, கை மட்டும்தான். 2021இல் வெளியான முடிவின்படி, ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் இறப்பில் ஏற்பட்ட குறைவு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆனால் ஐம்பதைக் கடந்தவர்களிடம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது.

இதைப் படித்த அன்றுதான் அந்த ஓ.பி. வாசல் எனக்கு வேறு விதமாகத் தெரிந்தது. என் முன்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்திக்குப் பத்தொன்பது வயது. அவளுக்கு ஸ்கேன் எடுத்தாயிற்று, ஊசி வைத்துப் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்றும் தெரிந்தாயிற்று. இன்னொருவருக்கு நாற்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையில் இருக்கும். "நீங்க எப்பவாவது பார்த்துக்கிட்டிருக்கீங்களாம்மா?" என்று நான் அவரிடம் கேட்கவில்லை. பரிசோதனை அறை இருபது அடி தொலைவில் இருந்தது. பணியில் இருந்த செவிலியர் என் பழைய மாணவி. பத்து நிமிட வேலை. நான் என் வகுப்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அவர் கோபமாக இருந்தார், அந்த நேரத்தில் கேட்டிருந்தால் "அம்மாவுக்கும் இருக்குன்னு சொல்லப் போறீங்களா?" என்று இன்னும் கோபப்பட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அப்படிப் பட்டிருக்கலாம். ஆனால் அவர் கோபப்படுவார் என்று எண்ணி நான் கேட்காமல் விடவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த இடத்தில் அவர் எனக்கு ஒரு மாணவியின் பாதுகாவலர், புகார் சொல்ல வந்தவர். மார்பகம் உள்ள ஒரு பெண்ணாக அவரை நான் பார்க்கவில்லை.

பிறகு ஆள் மூலமாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். கல்லூரியில் கேட்டால் தொலைபேசி எண் கிடைத்திருக்கும். இரண்டு முறை அந்தத் துறைத் தலைவரை அழைத்து, வேறு எதையோ பேசிவிட்டு வைத்தேன். அந்தக் குடும்பத்தில் நாங்கள் ஏற்கெனவே ஒரு முறை கல்லெறிந்துவிட்டோம், இன்னொரு கல் எதற்கு என்பது ஒரு காரணம். அவருடைய நலனுக்காக அழைக்கிறேனா, என் மன நிம்மதிக்காகவா என்பது தெளிவாகவில்லை என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது காரணம் கேட்பதற்கு உயர்வாக இருக்கிறது. அதனாலேயே அதை நான் அதிகம் நம்புவதில்லை.

இந்த ஆண்டு அட்டையில் ஒரு வரியைச் சேர்த்தோம்: "உங்கள் வீட்டில் முப்பது வயதைக் கடந்த பெண்களை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்." மாணவியருக்கான நிகழ்ச்சியில் அம்மாக்கள் எதற்கு என்று எங்கள் கல்லூரி முதல்வர் கேட்டார், இடம் இருந்ததால் ஒப்புக்கொண்டார். வகுப்பிலும் சிலவற்றை மாற்றினேன். உங்கள் வயதில் தட்டுப்படும் கட்டி அநேகமாகப் புற்றுநோயாக இருக்காது என்பதை, முன்பெல்லாம் போல் இறுதியில் அல்லாமல் தொடக்கத்திலேயே சொன்னேன். தினமும் தேட வேண்டாம், உங்கள் உடம்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்திருங்கள், புதிதாக ஏதேனும் மாறினால் காட்டுங்கள் என்றேன். ரப்பர் மாதிரியையும் கொண்டுபோயிருந்தேன். செய்முறையையும் பழையபடியே செய்து காட்டினேன். ஷாங்காயைப் பற்றிச் சொல்லவில்லை.

கேள்வி நேரத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு பெண் சீட்டு எழுதாமல் எழுந்து நின்றே கேட்டாள்: "இதை மாசாமாசம் செஞ்சா செத்துப்போகாம இருக்கலாமா மேடம்?" அரங்கம் சிரித்தது. இரண்டு எண்களும், 135ம் 131ம், எனக்கு நினைவுக்கு வந்தன. "செஞ்சா நல்லதுதானேம்மா" என்று சொல்லி, அடுத்த சீட்டைப் பிரித்தேன்.