மிச்சமான நிமிடங்கள் யாருக்கு?

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியை எம்ஆர்ஐ எடுப்பதில், ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராஃபரின் கைத்திறன் கோணம் வைப்பதில்தான் தெரியும். முன்னோட்டப் படத்தில் சுரப்பி எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, 3 மில்லிமீட்டர் தடிமனில் வெட்டுகளை, அதாவது குறுக்குவெட்டுப் படங்களை, அடுக்க வேண்டும். திசுவில் நீர் மூலக்கூறுகள் எப்படி நகர்கின்றன என்று காட்டும் டிஃப்யூஷன் படமும் அதே கோணத்தில் அமைந்தால்தான் கதிரியக்க நிபுணர் இரண்டையும் ஒப்பிட வசதி. ஸ்கேன் எடுப்பவர் மாறினால் கோணமும் சற்று மாறும். ஓராண்டு கழித்து நோயாளி மறுபடி வரும்போது பழைய படமும் புதிய படமும் ஒட்டாது.

எங்கள் பிரிவில் இப்போது அந்த வேலையை மென்பொருள் செய்கிறது. சுரப்பியை அதுவே கண்டுபிடித்து வெட்டுகளை வைத்துக் காட்டுகிறது. நாங்கள் சரிபார்த்து ஒப்புதல் தருகிறோம். காலையில் முதலில் வந்தவருக்கும் இரவில் கடைசியாக வந்தவருக்கும் ஒரே ஒழுங்கு. இதை மனதார வரவேற்கிறேன்.

மிச்சமாகும் நிமிடங்களை என்ன செய்வது என்பதில்தான் வாதம். இன்னொரு நோயாளியை அட்டவணையில் சேர்க்கலாம் என்கிறார்கள். சிங்கப்பூர் ஆண்களை அதிகம் தாக்கும் மூன்று புற்றுநோய்களில் புராஸ்டேட் புற்றுநோயும் ஒன்று என்பதால் அந்தப் பேச்சைத் தள்ளிவிட முடியாது. ஆனால் படத்தின் தரம் பெரும்பாலும் நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. சுரப்பிக்கு நேர் பின்னால் மலக்குடல். அதில் வாயு நிறைந்திருந்தால் காந்தப்புலம் குலைந்து டிஃப்யூஷன் படம் இழுபட்டுப்போகும். பெரும்பாலான புற்றுக்கட்டிகள் தோன்றும் புற மண்டலம், அதாவது சுரப்பியின் வெளிப்பகுதி, மலக்குடலை ஒட்டித்தான் இருக்கிறது. அதை மதிப்பிட, புராஸ்டேட் எம்ஆர்ஐக்கு மதிப்பெண் தரும் பைராட்ஸ் (PI-RADS) முறை முதலில் பார்ப்பதும் டிஃப்யூஷன் படத்தைத்தான். திசுக்களைத் தெளிவாக்கப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி இல்லாமல் எடுக்கும் முறை பரவப் பரவ, அந்தப் படத்தின் மீது விழும் பாரம் இன்னும் கூடும். எவ்வளவு நேர்த்தியாகக் கோணம் வைத்தாலும் மென்பொருளால் வாயுவை வெளியேற்ற முடியாது. "கழிப்பறைக்குப் போய்வந்தீர்களா, ஐயா?" என்று ஒருவர் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும்.

உடலில் உலோகம் உண்டா என்று ஸ்கேனுக்கு முன் கேட்கும் பாதுகாப்புப் படிவமும் அப்படித்தான். முதியவர் ஒருவர் எல்லாக் கேள்விகளுக்கும் 'இல்லை' என்று குறித்திருந்தார். பேச்சுவாக்கில், முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டர், தம்பி."

"கண்ணில் இரும்புத்துகள் பட்டதுண்டா, ஐயா?"

"ஒருமுறை பட்டது. டாக்டர் எடுத்துவிட்டார். அதெல்லாம் அந்தக் காலம்."

கண்ணுக்குள் ஒரு துகள் தங்கியிருந்தாலும் காந்தம் அதை அசைத்துப் பார்வையைப் பறித்துவிடலாம். கண்களுக்கு எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகே அவரை உள்ளே அனுப்பினோம். அவர் மறைக்கவில்லை, முடிந்துபோன விஷயத்தைப் படிவம் கேட்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். கப்பல் பட்டறைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் உழைத்த தலைமுறைதான் இப்போது இந்த ஸ்கேனுக்கு வருகிறது.

அதனால் அட்டவணையில் ஸ்கேனுக்கு முந்தைய பேச்சுக்கென்று தனி நேரம் ஒதுக்கும்படி மேலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தமிழோ மலாயோ ஹொக்கியனோ, நோயாளிக்கு எந்த மொழியில் வாய் திறக்குமோ அதில் பேசக்கூடிய ஒருவர் அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன்.