போனைத் திருப்பிக் கொடுத்த கோபம்

ஒரு கம்பெனி தொழிற்சாலையை வெளிநாட்டுக்கு மாற்றுகிறது என்றதும் 'இனி அந்த பிராண்டைத் தொடவே மாட்டேன்' என்று ஒரு கோபம் கிளம்புமே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நோக்கியா ஞாபகம்தான்.

2008 ஜனவரியில் ஜெர்மனியின் போஹும் நகரத் தொழிற்சாலையை மூடிவிட்டு ருமேனியாவுக்குப் போவதாக அறிவித்தார்கள். (ஊர் பெயரைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னால் 'போகும்'. பெயரிலேயே இருந்திருக்கிறது!) சுமார் 2,300 பேருக்கு வேலை காலி. நஷ்டமா என்றால் அதுவும் இல்லை, முந்தைய வருடம் கொழுத்த லாபம். அரசு மானியம் வேறு வாங்கியிருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். அமைச்சராக இருந்த ஹோர்ஸ்ட் ஸேஹோஃபர் தன் நோக்கியா போனைத் திருப்பிக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். நிதியமைச்சர் ஷ்டைன்ப்ரூக் இதை 'கேரவன் முதலாளித்துவம்' என்றார். மேய்ச்சல் தீர்ந்ததும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும் ஒட்டக வரிசை. சரியான பெயர்தான்.

ஆனால் அன்றைக்கு நிறைய பேரின் ஆத்திரம் ருமேனியத் தொழிலாளி மீதும் திரும்பியது. அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவன் என்ன திருடியா கொண்டுபோனான்? 2011இல் ருமேனியாவின் க்ளூஜ் நகரம் அருகே இருந்த அந்தப் புதிய ஆலையையும் மூடுவதாக அறிவித்தார்கள். அங்கேயும் 2,000 பேருக்கு மேல். அப்புறம் 2014 நவம்பரில் நம்ம ஸ்ரீபெரும்புதூர். அங்கே காரணம் வேறு, வரி வழக்கும், போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றதும். வாசலில் நின்று அழுத பெண்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் எதற்கு?

போனைத் திருப்பிக் கொடுத்தவர்கள் அடுத்து வாங்கிய போன் எந்த நாட்டில் தயாரானதோ!