21க்கு 14

கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் வியர்க்காத ஆள் கிடையாது. அதனால் வியர்வையை நான் கணக்கில் எடுக்கவில்லை. நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், நித்திரையின்மை இவற்றை மட்டும் போனில் தேடினேன். பதகளிப்பை அளக்கும் ஜிஏடி-7 என்ற கேள்விக்கொத்து வந்தது. ஏழு கேள்வி, மொத்தம் 21 புள்ளி. எனக்கு 14. பத்தோ அதற்கு மேலோ வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள் என்றுதான் அதில் இருந்தது. நானோ பதகளிப்பு நோய் என்று முடிவுகட்டிவிட்டேன்.

மேடைப் பயத்துக்கு எழுதிக் கொடுத்த ப்ரொப்ரனலோல் குளிசைகள் கூட்டாளி ஒருவனிடம் மிச்சம் இருந்தன. ஒன்றை விழுங்கினேன். கொஞ்ச நேரத்தில் படபடப்பு அடங்கியது. அப்போ நான் கண்டுபிடித்தது சரி! அப்புறம் மூச்சுப் பயிற்சி, உவர்மலையிலிருந்து கடற்கரைவரை நடை என்று இரண்டு மாதம் ஓடியது. "சட்டி சட்டியாச் சாப்பிடுறாய், உடம்பு எங்கயடா போகுது?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். யார் காதில் விழுந்தது?

கடைசியில் மனநலக் கிளினிக்குக்குத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன். வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் ஒழுங்கைக் கடைக்கார ஐயா. இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டொக்டர் என் 14 புள்ளியைக் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். கைகளை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடவென்று துடித்தது. நிறுத்துப் பார்த்தால் 6 கிலோ குறைவு. ஏதாவது மருந்து எடுத்தீர்களா என்றதற்கு முதலில் இல்லை என்றேன். பிறகு ஒப்புக்கொண்டேன்.

"உங்களுக்கு இழுப்பு இருந்ததா?"

சின்ன வயதில் இருந்தது. அவர் பேனையை வைத்துவிட்டார். இழுப்புக்காரருக்கு அந்தக் குளிசை மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடலாமாம். படபடப்பு எதனால் வந்தாலும் அது அடக்கும், அதனால் அடங்கியதை வைத்து நோயைச் சொல்ல முடியாது என்றார்.

இரத்தப் பரிசோதனையில், தைரொயிட்டைத் தூண்டும் டிஎஸ்எச் என்ற ஹோர்மோன் அடிமட்டத்தில் இருந்தது. அதாவது, கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி மிதமிஞ்சிச் சுரக்கிறது; படபடப்பு, நடுக்கம், வியர்வை, மெலிவு எல்லாம் அதனாலும் வருமாம். இப்போது அதை அடக்கும் கார்பிமசோல் குளிசை எடுக்கிறேன். தொண்டை நோவோ காய்ச்சலோ வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே இரத்தம் பார்க்க வரவேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்கள்.

பதகளிப்பே இல்லை என்றும் டொக்டர் சொல்லவில்லை. "தைரொயிட் அடங்கட்டும், மிச்சம் என்ன இருக்கெண்டு பிறகு பார்ப்பம்" என்று திகதி போட்டுத் தந்திருக்கிறார்.

கடைக்கார ஐயா பாணைச் சுற்றித் தரும்போது மெதுவாகக் கேட்கிறார்: "அடுத்த கிளினிக் எப்ப தம்பி?"