சித்தப்பா அனுப்பிய கப்பல் அட்டை

அடுத்த வாரம் புது வேலையில் சேருகிறேன். அதற்கு சித்தப்பாவிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்திருக்கிறது. கடையில் வாங்கியதல்ல, தடித்த தாளை மடித்து அவரே வாட்டர்கலரில் வரைந்தது. முப்பது வருடம் சரக்குக் கப்பல்களில் இருந்தவர், கடைசியில் போசன், அதாவது மேல்தள மாலுமிகளுக்கு மேஸ்திரி. ஓய்வுக்குப் பிறகு, சித்தி போனபின்தான் தூரிகை பிடித்தார் என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. துருவைச் சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது, தொங்கு பலகையில் உட்கார்ந்து கப்பலின் பக்கவாட்டில் எழுத்தும் கோடும் தீட்டுவது என்று இவ்வளவு வருடமும் அவர் கையில் தூரிகை இருந்துகொண்டேதான் இருந்தது.

இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் ஆல்ஃபிரட் வாலிஸ் என்று ஒருவர் இருந்தார். கடலில் உழைத்தவர், மனைவி இறந்தபின் எழுபது வயதை ஒட்டி வரையத் தொடங்கி, மளிகைக்கடை அட்டைத் துண்டுகளில் படகுக்கு அடிக்கும் பெயின்டால் கப்பல்களாக வரைந்து தள்ளினார். சித்தப்பாவைப் பார்த்தால் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

சரி, அட்டைக்கு வருகிறேன். முழுக் கப்பல் இல்லை. கறுப்புப் பக்கவாட்டின் நடுப்பகுதி மட்டும், அதில் வெள்ளையில் பிளிம்சால் குறி, சரக்கேற்றினால் கப்பல் எதுவரை அமிழலாம் என்று காட்டுவது: ஒரு வட்டம், குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் ஏணிப்படி மாதிரி சின்னச் சின்னக் கோடுகள். கப்பலில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றி மாலுமிகள் மூழ்கிச் செத்த காலத்தில் சாமுவேல் பிளிம்சால் போராடி, 1876-ல் பிரிட்டனில் சட்டமாக்க வைத்த குறி. நிஜக் கப்பலில் வட்டத்தின் விட்டம் 300 மில்லிமீட்டர், அட்டையில் சட்டைப் பொத்தான் அளவு.

கடலை ஏன் செம்மண் நிறத்தில் தீட்டினார் என்று முதலில் குழம்பினேன். அப்புறம்தான் கவனித்தேன், தண்ணீர் வட்டத்தின் கோட்டைத் தாண்டி 'எஃப்' கோட்டில் நிற்கிறது. எஃப் என்றால் நன்னீர் (ஃபிரெஷ்); அப்படியானால் இது கடலல்ல, கலங்கிய ஆறு. உப்புத்தண்ணீரைவிட நன்னீர் அடர்த்தி குறைந்தது, அதனால் அதே சரக்கோடு கப்பல் ஆற்றில் கொஞ்சம் கூடுதலாக அமிழும். கடலுக்குள் போனதும் தானாக உயர்ந்து, கோடைக்காலக் கடலுக்கான 'எஸ்' (சம்மர்) கோட்டுக்கு, அதாவது வட்டத்தின் கோட்டு மட்டத்துக்கு வந்துவிடும்.

உடனே போன் செய்தேன்.

"எந்தக் கோட்டுல தண்ணி நிக்குதுன்னு பாத்தியா?"

"எஃப், சித்தப்பா. இன்னும் ஆத்துலதான் நிக்குது."

"சரக்கு ஏத்தியாச்சு. அடுத்த வாரம் கடல்" என்றார்.