எழுதியவர் கணக்கு வேறு, செலவழித்தவர் கணக்கு வேறு

கைக்காசு போட்டு ஆல்பம் எடுக்கும் குழுவில் பங்குச் சண்டை வருவது, பாட்டுக்குக் காசு வரத் தொடங்கிய பிறகுதான். ஒன்றுமே வராத ஆல்பத்தில் பங்கு கேட்க யாரும் வரமாட்டார்கள். எழுதியதற்கான கணக்கையும் பதிவுக்குப் போட்ட பணத்தையும் ஒரே நோட்டில் எழுதிவைப்பதில்தான் பெரும்பாலும் சிக்கல் தொடங்குகிறது. "ஸ்டூடியோ செலவு முழுக்க என்னுடையது, எனக்கு 60 சதவீதம்" என்றால், எதில் 60?

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரியும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதைப் பாடி, வாசித்து, பதிவு செய்த மாஸ்டர் இன்னொன்று. நாளைக்கு வேறொரு பாடகர் அதே பாட்டைப் புதிதாகப் பாடி வெளியிட்டால், மெட்டுப் போட்டவருக்கும் வரி எழுதியவருக்கும் ராயல்டி வரும். பழைய பதிவுக்குச் செலவு செய்தவருக்கு அதில் ஒன்றும் கிடையாது. ஆகவே செலவழித்தவர் தன் பணத்தை மாஸ்டர் வருமானத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். எழுத்துப் பங்கில் கைவைத்தால், வரி எழுதியவர் ஆயுள் முழுக்கவும், அவருக்குப் பின் வாரிசுகளும் அதன் விலையைக் கொடுப்பார்கள். பதிப்புரிமைக்காக உலக நாடுகள் செய்துகொண்ட பெர்ன் உடன்படிக்கைப்படி கூட்டுப் படைப்பின் பதிப்புரிமை, எழுதியவர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர் இறந்த பிறகும் குறைந்தது 50 ஆண்டு நீடிக்கும். பல நாடுகளில் 70. ஒரு மாத ஸ்டூடியோ வாடகைக்கு அது மிக அதிக விலை.

எழுத்துப் பங்கைப் பாட்டு முடிந்த அன்றே, அறையை விட்டுக் கிளம்பும் முன் தாளில் எழுதுங்கள். ஸ்பிளிட் ஷீட் என்று சொல்வது இதைத்தான். ஒரு பக்கம் போதும்: பாட்டின் தலைப்பு, வேறு தலைப்பு இருந்தால் அதுவும், ஒவ்வொருவரின் சட்டப்பெயர், ராயல்டி வசூலிக்கும் சங்கம், ஐபிஐ எண் (எழுதியவரை உலகெங்கும் உள்ள சங்கங்களுக்கு அடையாளம் காட்டும் எண்), சதவீதம், தேதி, கையெழுத்து. வேறொரு பதிவிலிருந்து எடுத்த சாம்பிள் இருந்தால் அதையும் குறியுங்கள். ஐபிஐ எண்ணை விடவே கூடாது. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், ஒருவர் பெயரையே நான்கு விதமாக எழுதுவார்கள். எண் இல்லாவிட்டால் உங்கள் காசு வேறொருவர் கணக்கில் போய் உட்காரும்.

எத்தனை சதவீதம்? மெட்டுக்குப் பாதி, வரிக்குப் பாதி என்பது பழைய வழக்கம். அறையில் இருந்த எல்லோருக்கும் சமம் என்பது இன்னொன்று. சேர்ந்தே உட்கார்ந்து எழுதும் குழுவுக்குச் சமப்பங்குதான் என் தேர்வு. வார்த்தை எண்ணிப் பங்கு பிரிக்கத் தொடங்கினால், அடுத்த பாட்டில் தேவையில்லாத நான்காவது சரணம் ஒன்று முளைக்கும். ஆனால் சும்மா உடன் இருந்தவர் எழுதியவர் ஆகமாட்டார். மிக்ஸிங் செய்தவரும், சொன்னதை வாசித்த கிடாரிஸ்டும் எழுத்துப் பங்கில் வரமாட்டார்கள். அந்தக் கிடாரிஸ்ட் போட்ட ஒரு துணுக்கே பாட்டின் அடையாளமாகிவிட்டால் மட்டும் பேசித் தீர்க்க வேண்டும்.

மூன்று பேர் என்றால் 33.33 மூன்று முறை எழுதாதீர்கள், கூட்டினால் 99.99தான் வரும். ஒருவருக்கு 33.34 போடுங்கள். இன்னொரு பொறி: சில சங்கங்கள் எழுத்தாளர் பக்கத்தை 100, பதிப்பாளர் (எழுத்துரிமையை நிர்வகிப்பவர்) பக்கத்தை 100 என்று மொத்தம் 200 ஆகக் கணக்கிடும். வேறு சில, இரண்டையும் சேர்த்தே 100 என்று எடுக்கும். இது தெரியாமல் ஒருவர் 50 என்றும் மற்றவர் 25 என்றும் பதிவு செய்வது அடிக்கடி நடக்கிறது. ஒரே பாட்டுக்கு இரண்டு பேர் தனித்தனியாகப் பதிந்து கூட்டுத்தொகை 100ஐத் தாண்டினால், தகராறு தீரும் வரை சங்கம் எல்லோருடைய பணத்தையும் நிறுத்திவைக்கலாம். பதிவை ஒருவர் செய்யட்டும், மற்றவர்கள் சரிபார்க்கட்டும்.

இனி மாஸ்டர். எது செலவு என்பதை முதலிலேயே எழுதுங்கள்: ஸ்டூடியோ, வாத்தியக்காரர் சம்பளம், மிக்ஸிங், மாஸ்டரிங் (வெளியிடும் முன் ஒலியைச் சீராக்கும் கடைசி வேலை), அட்டைப்படம், விநியோகக் கட்டணம், விளம்பரம். ஒருவர் வாங்கிய மைக் ஆல்பத்தின் செலவு அல்ல, அது அவர் வீட்டுக்குத்தான் போகிறது. வேண்டுமானால் வாடகை போடலாம். சம்பளம் வாங்காமல் மிக்ஸிங் செய்பவருக்கு அந்த உழைப்பைச் செலவாகக் கணக்கிடலாம், அல்லது மாஸ்டரில் பங்கு தரலாம். இரண்டும் தந்தால் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள், நியாயமாகவே.

மொத்தச் செலவு 100 என்று வைப்போம். முதல் ஆள் 70, இரண்டாமவர் 30, மூன்றாமவர் ஒன்றும் போடவில்லை. மாஸ்டரில் மூவருக்கும் சமப்பங்கு. முதல் ஆண்டு 60 வந்தால் 42, 18 என்று போட்டவர்களுக்குப் போகும். அடுத்த ஆண்டு 55 வந்தால், பாக்கி 40 கழிந்து, மிச்சம் 15ஐ ஆளுக்கு 5 எடுக்கலாம். இதில் மூன்றாமவர் ஓராண்டுக்கு மேல் வெறுங்கையோடு இருக்கிறார். அதனால் வரவில் 80 சதவீதம் கடன் தீர்க்க, 20 சதவீதம் முதல் நாளிலிருந்தே பங்குக்கு என்று வைப்பது நல்லது. அதே 60இல் 48 கடனுக்கு, 12 பங்குக்கு, ஆளுக்கு 4. கடன் தீர இன்னும் கொஞ்சம் காலமாகும், உறவு தாங்கும். அபாயத்துக்குக் கூடுதல் கேட்பவருக்கு, போட்டதற்கு மேல் 10 சதவீதம் என்று ஒரே தொகையாகக் கொடுத்து முடியுங்கள். நிரந்தரப் பங்கு வேண்டாம்.

எழுத்துப் பங்கைப் பாட்டு வாரியாகவும், மாஸ்டரை ஆல்பம் முழுக்க ஒரே பானையாகவும் வைப்பது என் பரிந்துரை. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமாவது இல்லாத பாட்டுக்கு மாஸ்டர் ராயல்டி கிடையாது. 10 பாட்டில் 2 மட்டும் ஓடினால், செலவு எல்லாப் பாட்டுக்கும் ஆனது, வரவு மட்டும் இரண்டுக்கு வந்தது என்ற நிலை வரும். தனித்தனிக் கணக்கில் அதைச் சரிக்கட்டவே முடியாது.

டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்பும் சேவை) தளத்தில் பங்கு பிரிக்கும் வசதியைப் போட்டுவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். அது பொதுவாக மாஸ்டர் பணத்தை மட்டும்தான் பிரிக்கும். எழுத்தின் ராயல்டி சங்கம் வழியாகத் தனியே வரும், பதியாவிட்டால் வராது. கச்சேரி மேடையிலும் சொந்தத் தளத்திலும் விற்கும் சிடி, டவுன்லோடு பணம் முழுக்க விற்பவர் கைக்கே வரும். அதில் எழுதியவர் பங்கை எடுத்துவைக்க யாரும் நினைவூட்டமாட்டார்கள். மேடை ஏறாத பாடலாசிரியர்தான் வழக்கமாக இதில் ஏமாறுகிறார்.

விநியோகக் கணக்கு யார் பெயரில் என்பதும் முக்கியம். சில சேவைகளில் ஆண்டுக் கட்டணம் நின்றால் பாட்டு இறங்கிவிடும், குழுவை விட்டுப் போனவரின் கார்டு காலாவதியானாலும் அப்படித்தான். சேவை மாற்றும்போது ஒவ்வொரு பாட்டுக்கும் பழைய ஐஎஸ்ஆர்சி எண்ணையே (ஒவ்வொரு பதிவுக்கும் உரிய அடையாள எண்) கொடுங்கள், இல்லையென்றால் ஸ்ட்ரீம் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கக்கூடும். இரண்டு பேர் இரண்டு சேவை வழியாக ஒரே மாஸ்டரை யூடியூப் கன்டென்ட் ஐடியில் (வீடியோக்களில் ஒலிக்கும் பாட்டை உரிமையாளருக்காகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) ஏற்றினால் உரிமை மோதி, வருமானம் முடங்கும்.

கணக்கு காட்டுவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். ஸ்ட்ரீமிங் அறிக்கையே இரண்டு மூன்று மாதம் தாமதமாகத்தான் வரும். கமிஷன், வரிப்பிடித்தம், வங்கிக் கட்டணம் கழித்த பிறகு மிஞ்சுவதைப் பிரியுங்கள். சிறு தொகையை அனுப்பாமல் அடுத்த கணக்கில் சேர்க்க ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்கோ விளம்பரத்துக்கோ பாட்டைக் கேட்டு வந்தால் இரண்டு நாளில் பதில் எதிர்பார்ப்பார்கள், எழுத்து, மாஸ்டர் இரண்டுக்கும் அனுமதி வேண்டும். எந்தத் தொகை வரை ஒருவரே எல்லோர் சார்பாகவும் கையெழுத்திடலாம் என்பதை அதே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.